அனுசுயா கண்ட ஊசிக்கோடு

வீரபாண்டியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் அனுசுயா செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டாள் என்றால் தையல் வரிசையில் பேச்சு குறையும். தைத்து முடித்த டீ-ஷர்ட் ஒவ்வொன்றும் அவள் கையைக் கடந்துதான் அயர்னிங்குக்குப் போக வேண்டும். கழுத்து, தோள், கை, அக்குள், அடி மடிப்பு என்று உள்ளும் வெளியும் புரட்டிப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் ஆகாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி இடது பக்கம் போடுவாள். அம்பு விழுந்த பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரிசெய்ய முடியாதது என்றால் ரிஜக்ட் பெட்டிக்குப் போகும். பதினேழு வருடத்தில் அவளோடு வாதாடி ஓர் அம்பைக் கழற்றியவர் யாருமில்லை.

அதற்காக அவளை நியாயத்தின் வடிவம் என்று சொல்லிவிட முடியாது. குறை கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரியின் ஜாக்கெட்டில் தையல் விட்டிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் யாருடைய வேலை என்று பார்த்து அவள் அம்பு ஒட்டியதில்லை. சூப்பர்வைசர் நாச்சிமுத்து சில சமயம் இரக்கப்பட்டு வருவார்.

"ஏனுங்க்கா, இது போற பீஸுதானுங்க. உட்டுப்போடலாமுங்க."

"வாங்குறவனுக்குக் கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு?"

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அவர் உள்ளூர்க்காரர், கோபப்பட்டால்கூட 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். முதுகெலும்பு இல்லாத மனுஷன் என்று அவரைப் பற்றி அனுசுயா தன் கணவரிடம் சொல்வதுண்டு.

கணவர் ராஜபாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான மூன்றாம் மாதமே இருவரும் பஸ் ஏறி வந்தவர்கள். அதே கம்பெனிக்கு முதலிபாளையத்தில் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் யூனிட் ஒன்று உண்டு. அங்கே நாலாம் நம்பர் மெஷின் அவர் பொறுப்பு. வட்டமான அந்த மெஷினில் ஆயிரத்து எண்ணூறு ஊசிகள் ஏறி இறங்கிச் சுற்ற, துணி குழாய் போல இறங்கி அடியில் ரோலாகச் சுற்றிக்கொள்ளும். அவர் பின்னும் துணி சாயத்துக்குப் போய், வெட்டுக்குப் போய், தையலுக்குப் போய், பதினைந்து இருபது நாள் கழித்து டீ-ஷர்ட்டாக அவள் மேஜைக்கு வரும். "பின்னுறது புருசன், பிச்சு எடுக்குறது பொஞ்சாதி" என்று முனீஸ் என்ற டெய்லர் மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பான். "நீ ஒழுங்காத் தைடா, ஒன்னைய யாரு பிச்சு எடுக்கப் போறா" என்பாள் அனுசுயா.

நாலைந்து வருடமாகவே அவளுக்கு வாய் காய்ந்தது, கண் உறுத்தியது. அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. பஞ்சுத் தூசியில் நிற்கிறவர்களுக்குக் கண்ணும் தொண்டையும் காய்வது வேலையோடு சேர்ந்து வருவது என்றே அங்கே எல்லாரும் நம்பினார்கள். பாலிதீன் கவரைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டால் விரல் நனையவில்லை. ஒரு டப்பா மூடியில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுத் தின்றாள். முறுக்கு, மிக்சர், வறுத்த கடலை ஒவ்வொன்றாக அவள் வாழ்க்கையிலிருந்து கழன்றன. இரண்டு வருடத்தில் மூன்று பல் சொத்தையாயிற்று. வெல்லம் தின்னாதே என்றார்கள், நிறுத்தினாள். ஒரு வசதி குறைந்தால் அதற்குத் தக்கபடி பழக்கத்தை மாற்றிக்கொள்வதில் உழைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் பல நோய்களைப் பல வருடம் மறைத்தும் வைக்கிறது.

போன வருடம் மாசியில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளிர் நீலம், ஒரே நிறம். பிரிண்ட் இல்லை, பாக்கெட் இல்லை. குறை ஒளிந்துகொள்ள இடமில்லாத துணி. ஒரு திங்கட்கிழமை, அதில் ஒரு பீஸின் முன்புறத்தில், கழுத்திலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு கோடு இறங்குவதை அனுசுயா பார்த்தாள். ஊசிக்கோடு. நிட்டிங் மெஷினில் ஓர் ஊசியின் கொக்கி வளைந்தால் அந்த ஊசி பின்னும் தடம் முழுவதும் இப்படிக் கோடாகத் தெரியும். தைத்தவர் மேல் குற்றமில்லை, துணியே குற்றம். துணி எந்த மெஷினில், எந்த ரோலில் வந்தது என்று எழுதியிருக்கும் பண்டில் சீட்டைப் பார்த்தாள். நாலாம் நம்பர் மெஷின்.

அம்பை ஒட்டினாள். அன்றைக்கு ஏழு பீஸ் ஆயிற்று. நாச்சிமுத்து ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு இருந்தது. "அட, ஆமாங்க்கா" என்றார்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த ராஜபாண்டியிடம் சொன்னாள்.

"உங்க மெசின்ல ஊசி வளைஞ்சிருக்கு."

அவர் கை ஒரு கணம் பொத்தானில் நின்றது. "யாரு சொன்னா?"

"நாந்தேன் சொல்றேன். ஏழு பீஸு. நட்டுக்க நிக்குது கோடு."

"பாக்குறேன்" என்றார். பிறகு, "சோத்தப் போடு" என்றார்.

அவர் சண்டைக்கு வராதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

மறுநாள் இருபத்தாறு பீஸ். அடுத்த நாள் நாற்பது. ஒவ்வொன்றிலும் அதே கோடு, நேராக, மெலிதாக. அந்த நாட்களில் டேபிளுக்கு வந்ததெல்லாம் நாலாம் நம்பர் மெஷின் துணிதான். நாச்சிமுத்து மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. அனுசுயாவின் அம்பை இரண்டாம் தடவை பார்ப்பது என்ற வழக்கமே அந்தக் கம்பெனியில் இல்லை. பெட்டி பெட்டியாக முதலிபாளையத்துக்குப் புகார் போனது. அங்கே மேனேஜர் பிரபாகர் மெஷினை நிறுத்தி ஊசி ஊசியாகப் பார்க்கச் சொன்னார். வளைந்த ஊசி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அம்புகள் நிற்கவில்லை. பத்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பீஸ் ரிஜக்ட் பெட்டியில் கிடந்தன. பிரபாகர் நாலாம் நம்பர் மெஷினை வேறொரு ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு ராஜபாண்டியை ரோல் தூக்கி டெம்போவில் ஏற்றும் வேலைக்கு மாற்றினார்.

இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டியவர், இருபத்தைந்து கிலோ ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு அதே மெஷினைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"துணி நல்லாத்தேன் இருக்கு அனுசு."

"நீங்க எங்க டேபிள்ல நின்னு பாத்தீங்களாக்கும்?"

"பத்து பீஸுக்கு மேல வர வழியே இல்ல."

"அதென்ன கணக்கு, பத்து?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அவளுக்கு எரிச்சல் வந்தது. புருஷன் துணி என்று நாலு பீஸை விட்டிருந்தால் முனீஸ் என்ன பேசியிருப்பான், நாச்சிமுத்து என்ன நினைத்திருப்பார் என்று மளமளவென்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தையும் கேட்டாள். அவருடைய மெஷின் போய்விட்டது. போகவைத்தது தன் விரல் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. சோற்றைப் பிசைந்தால் அதுதான் தட்டில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை டெம்போவோடு அவரே வீரபாண்டிக்கு வந்தார். சாப்பாட்டு நேரம். டேபிளில் அனுசுயாவும், அவளோடு செக்கிங்கில் நிற்கும் வேலாத்தாளும் மட்டும் இருந்தார்கள். வேலாத்தாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ராஜபாண்டி யாரிடமும் கேட்காமல் ரிஜக்ட் பெட்டியிலிருந்து ஒரு பீஸை எடுத்து, டியூப் லைட்டுக்கு அடியில் மேஜைமேல் விரித்தார்.

"கோடு எங்க இருக்கு, காட்டு."

"இம்புட்டுப் பெருசாத் தெரியுது, கண்ணு அவிஞ்சு போச்சா? இந்தா." கழுத்திலிருந்து அடிவரை விரலால் இழுத்துக் காட்டினாள்.

ராஜபாண்டி டீ-ஷர்ட்டை அப்படியே பக்கவாட்டில் திருப்பி வைத்தார். கழுத்து இப்போது அவள் இடது கைப் பக்கம் இருந்தது.

"இப்பக் காட்டு."

"இந்தா..." அவள் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பாதியில் நின்றது.

துணியில் இருக்கும் கோடு துணியோடு சேர்ந்து திரும்ப வேண்டும். டீ-ஷர்ட் படுத்தால் அதுவும் படுக்க வேண்டும். அது படுக்கவில்லை. முன்போலவே அவளுக்கு எதிரே நேராக நின்றது. ராஜபாண்டி மறுபடி திருப்பினார். கோடு அசையவில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். கோடு வழுக்கிக்கொண்டு இடது பக்கம் போனது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. தலையை நிமிர்த்தி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது.

வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங் அனுசுயாக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

அனுசுயா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் போய்விடுமோ என்ற பயம் அப்போது வரவில்லை, அது பிற்பாடுதான் வந்தது. அந்தப் பெட்டியைப் பார்க்க முடியாத வெட்கம் முதலில் வந்தது.

"யார்ட்டயும் சொல்லிறாத வேலா" என்றாள்.

"நானெதுக்குங்க சொல்றேன்? மொதல்ல போயிக் கண்ணக் காட்டுங்கோ."

அனுசுயா லீவு போட்டாள். ஊருக்குள் இருந்த கண் ஆஸ்பத்திரியில் மெல்லிய காகிதப் பட்டைகளைக் கீழிமைக்குள் மடக்கி வைத்து ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை. பட்டையில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம். அவளுடையதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. பிறகு மஞ்சள் மருந்து விட்டுக் கருவியில் தாடையை வைக்கச் சொன்ன டாக்டர், கண்ணீர் போதாததால் கருவிழி காய்ந்து, அதன்மேல் சளி இழை இழையாகத் திரண்டு ஒட்டியிருக்கிறது என்றார்.

"கண்ணுல பிசிரு இருக்குன்னு சொல்றீங்களா டாக்டர்?" என்றாள் அனுசுயா.

டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்பிடும்போது தண்ணி குடிச்சாத்தான் முழுங்க முடியுதா?" என்று கேட்டார்.

கண் டாக்டர் எதற்குச் சோற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு சீட்டு எழுதி, கோயம்புத்தூரில் மூட்டு நோய்க்குப் பார்க்கும் டாக்டர் கீதாஞ்சலியிடம் அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். உதட்டின் உட்புறத்தை மரக்க வைத்து, அரிசி அளவுள்ள எச்சில் சுரப்பி ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் கீதாஞ்சலிக்கு நாற்பது வயதிருக்கும், கொங்குப் பேச்சு. நோயின் பெயர் ஷோகிரன் என்றார். "வெளிநாட்டு டாக்டர் ஒருத்தரோட பேருங்க அது. பேரை உட்டுருங்க. என்ன நடக்குதுன்னு சொல்றேன். கிருமி வந்தா அடிக்கறதுக்கு ஒடம்புல ஒரு படை இருக்குதுங்கள்ல, அந்த வெள்ளை அணுக்கள் உங்க கண்ணீர் சுரப்பியவும் எச்சில் சுரப்பியவும் வேத்தாளுன்னு நெனச்சு உள்ள பூந்து ஒக்காந்துக்குச்சுங்க. அதுல ஒரு வகை உத்தரவு போடும். இன்னொரு வகை, உங்க ஒடம்பையே அடிக்கற எதிர்ப்புப் பொருளத் தயார் பண்ணும். உதட்டுல எடுத்த துணுக்குல கும்பல் கும்பலா இருக்குது."

"என்னோட சுரப்பியவா?"

"உங்களோடதையேதானுங்க."

"தப்பா ஒருத்தி அம்பு ஒட்டுறான்னா, மேல இருந்து பாத்து 'வேணாம், விடு'ன்னு சொல்ல ஆளு கெடையாதா டாக்டர்?"

கீதாஞ்சலி பேனாவைக் கீழே வைத்தார். அம்பு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "இருக்குதுங்க" என்றார். "அதுக்குன்னே தனியா ஒரு வகை அணு இருக்குது. அடிக்கப் போறவங்களைப் பாத்து, போதும், இது நம்மாளு, திரும்பி வாங்கன்னு அடக்கறதுதான் அதுக்கு வேலை. உங்க நோயில அது எங்க தவறுதுன்னு இன்னும் முழுசா வெளங்கலீங்க. சில ஆராய்ச்சியில ரத்தத்துல அதோட எண்ணிக்கையே கம்மீங்கறாங்க. சிலதுல, இல்ல, சுரப்பிக்குள்ள போதுமான அளவு நிக்குது, அது சொல்ற சொல்லுதான் எடுபடறதில்லீங்கறாங்க."

"எங்க நாச்சிமுத்து மாதிரி" என்றார் ராஜபாண்டி. அவள் அவரை முறைத்தாள்.

"அந்தச் சுரப்பியும் சும்மா இருக்கறதில்லீங்க" என்று டாக்டர் தொடர்ந்தார். "அடி வாங்கற சுரப்பியே ஆபத்து ஆபத்துன்னு கூப்பாடு போட்டு இன்னும் கொஞ்சம் படையக் கூப்பிடுது. அந்தக் கூச்சல்ல அடக்கறவன் பேச்சு கேக்குமுங்களா?"

"மொதல்ல எதுக்கு டாக்டர் உள்ள வந்துச்சு? ஒண்ணுமில்லாமயா வரும்?"

"நல்ல கேள்விங்க. ஒரு வைரஸ் அந்தச் சுரப்பில வந்து தங்கியிருக்கலாம்னு ஒரு சந்தேகம். உறுதியாச் சொல்ல முடியாது. அப்படியிருந்தா மொத வந்த படை சரியாத்தான் வந்துருக்கும். வைரஸ் போனதுக்கப்புறமும் அது திரும்பிப் போகாததுதான் கோளாறு."

ராஜபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுசுயா அதைக் கவனித்தாள். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தாள்.

தன்னைத் தான் தாக்காமலிருக்கும் இந்தக் குணத்துக்கு மருத்துவப் புத்தகங்கள் சகிப்பு என்றே பெயர் வைத்திருக்கின்றன. உடம்பு தன்னைச் சகித்துக்கொள்வது தானாக நடப்பது என்று நாம் எண்ணுகிறோம். அப்படியில்லை. அதற்கென ஆள் நியமித்து ஒவ்வொரு நாளும் செய்யப்படும் வேலை அது. அந்த வேலை ஒழுங்காக நடக்கும் வரை அப்படியொரு வேலை இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

இந்த நோய் அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்கு மணிக்கொரு முறை சொட்டு மருந்து, மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று, எச்சில் ஊற வேறொன்று, பல்லுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர். கழுத்திலோ காதுக்குக் கீழேயோ கட்டி தெரிந்தால் மறுநாளே வரவேண்டும். கண் நனைந்திருந்தால் இழைகள் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

திரும்பி வரும் பஸ் அவிநாசியைத் தாண்டியது.

"நாச்சிமுத்துட்டச் சொல்லிறப் போறேன்" என்றாள்.

"என்னன்னு?"

"அம்பு ஒட்டுனது தப்புன்னு. நானூத்திப் பன்னெண்டையும் மறுபடி பாக்கச் சொல்லப் போறேன்."

"கிறுக்கா ஒனக்கு? இல்லாத கோட்டப் பாத்த பொம்பளைய எவன் டேபிள்ல நிக்க விடுவான்? பதினேழு வருசம் அனுசு."

"உங்களுக்கு இருபத்திரண்டு வருசம்."

"எனக்கு ரோல் தூக்கிப் பழகிருச்சு. தோளு நல்லா இறுகிப்போச்சு, தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் ராத்திரி புரண்டு படுக்கும்போது முனகுவது அவளுக்குத் தெரியும். "மருந்து ஊத்துனா கண்ணு சரியாயிரும்னு சொல்லிட்டாக. நீ பாட்டுக்கு இரு. இனிமே அம்பு ஒட்டாம விட்டா கதை தானா முடிஞ்சுபோகும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் அம்புகள் நின்றுபோனால், அவரை மாற்றியதால்தான் நின்றன என்று பிரபாகர் முடிவு கட்டுவார். நாலாம் நம்பர் மெஷின் அவருக்குத் திரும்பி வராது.

மறுநாள் காலை எட்டரைக்கு, டெய்லர்கள் உட்கார்வதற்கு முன்பே, அனுசுயா நாச்சிமுத்துவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். டாக்டர் சீட்டை நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். பதினேழு வருடத்தில் அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "மறுபடி பாருங்க. நான் தொட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

நாச்சிமுத்து சீட்டைப் படித்தார். "கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்களேக்கா?" என்றார் முதலில். பிறகு பெட்டிகளை எடுத்துவரச் சொன்னார்.

வேலாத்தாளும் நாச்சிமுத்துவும் எதிரெதிரே நின்று பார்த்தார்கள். வேலாத்தாள் விரிப்பாள். நாச்சிமுத்து துணியை இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்துக்குக் காட்டி, பக்கவாட்டில் ஒரு முறை திருப்பி, பிறகுதான் அம்பைப் பிய்ப்பார். ஒவ்வொன்றுக்கும் அதே நிதானம். மனதிரங்கிப் பீஸை விட்டுவிடுகிற ஆள் என்று அவள் நினைத்திருந்த மனிதர், ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடவில்லை. அனுசுயா தள்ளி நின்றாள். கைகள் சும்மா இருக்க முடியாமல் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தன. தையல் வரிசையில் விஷயம் பரவிவிட்டது. முனீஸ் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மதியத்துக்குள் முடிந்தது. நானூற்று மூன்று பீஸில் கோடு இல்லை. ஒன்பதில் இருந்தது.

"ஒம்போதுல இருக்கா?" அனுசுயாவின் குரல் ஏறியது. "நெசமாவா? திருப்பிப் பாத்தீங்களா?"

"திருப்பிப் பாத்தாச்சுங்க. நல்லா ஊசிக்கோடுங்க."

அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. பண்டில் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். ஒன்பதும் ஒரே ரோல், பதினேழாம் ரோலின் கடைசிப் பகுதி. எல்லாமே முதல் இரண்டு நாளில் அவள் ஒதுக்கியவை.

நாச்சிமுத்து பிரபாகருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு அவளிடம் வந்து, சொல்ல வருவதை இரண்டு தடவை விழுங்கிவிட்டு, "இந்த ஆர்டர் முடியற வரைக்கும் மெசர்மென்ட் டேபிளுக்குப் போயிருங்க்கா. டேப்பு வெச்சு அளவு பாக்கற வேலைதானுங்க. கண்ணு நல்லாகட்டும், அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். சரி என்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. போக வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால்தான் அவரைப் பற்றித் தாழ்வாக நினைத்திருப்பாள்.

சாயங்காலம் ராஜபாண்டி முகம் மலர்ந்து வந்தார். நாளைக்கே மெஷினுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அனுசுயா ரசத்தைக் கரண்டியில் எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள்.

"ஒம்போதுல கோடு இருந்துச்சு."

அவர் கை நின்றது.

"பதினேழாம் ரோலு. வாலு பக்கம்" என்றாள். "பத்துக்கு மேல வர வழியில்லன்னு அன்னைக்குச் சொன்னீங்கள்ல. எப்படித் தெரியும்?"

ராஜபாண்டி சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த ரோல் முடியப்போகும் நேரத்தில் கோடு விழுவதை அவரே பார்த்துவிட்டார். மெஷினை நிறுத்தி, வளைந்த ஊசியைக் கழற்றி வேறு போட்டார். அதுவரை சரிதான். பிறகு செய்ய வேண்டியது, ரோலில் சாக்பீஸால் குறி போட்டு, கோடு விழுந்த நாலு மீட்டரை வெட்டித் தனியே வைப்பது. ஷிப்ட் முடிகிற நேரம், டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே ஏற்றிவிட்டார்.

"நாலு மீட்டர்தானேன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தேன் அன்னைக்கு வாயத் தொறக்கலையா?"

"நீ ஏழுன்னு சொன்ன. சரி, வந்துருச்சுன்னு நெனச்சேன். அப்பறம் இருபத்தாறுன்ன, நாப்பதுன்ன. எனக்குத் தெரியும் அது பொய்யின்னு. எப்படித் தெரியும்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"சொல்லிருந்தா பத்தோட நின்னுருக்கும்ல. ஒம்போதுக்கு மேல ஒட்டுனப்பவே எனக்கு ஒறைச்சிருக்கும்ல."

"ஆமா."

"இத்தன நாளு ரோலு தூக்குனீங்களே, அப்பக்கூட?"

"தூக்குனது சரிதான்னு ஒரு பக்கம் தோணுச்சு" என்றார்.

அனுசுயாவிடம் திட்டுவதற்கு வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஆனால் தன் தப்பை இருநூறு பேர் அறிய ஒத்துக்கொண்டுவிட்டு வந்தவளுக்கு இன்னொருவரை அங்கே தள்ளிக்கொண்டு போக மனம் வரவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சொல்வதா வேண்டாமா என்பது அவர் பாடு.

மறுநாள் காலை ராஜபாண்டி மெஷினுக்குப் போகவில்லை. நேராகப் பிரபாகரிடம் போய்ப் பதினேழாம் ரோலைப் பற்றிச் சொன்னார். பிரபாகர் அரை மணி நேரம் கத்தினார். குறி போடாமல் ரோல் அனுப்பியதற்கு இன்னும் ஒரு வாரம் ரோல் தூக்கு என்றார். அதன்பிறகு மெஷின்.

அந்த ஒரு வாரமும் காலையில் வீட்டில் ஒரே சத்தம். ஏழரை மணிக்கு அனுசுயா அவர் தோளில் தைலம் தேய்ப்பாள். "இறுகிப்போச்சுன்னீங்க, எங்க இறுகியிருக்கு, சாதிக்காய்ப் பெட்டி மாதிரி நொறுங்குது" என்பாள். பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பாள். சொட்டு மருந்தைத் தனக்குத் தானே விட்டுக்கொள்ள அவளுக்கு வரவில்லை, துளி விழுமுன் இமை மூடிக்கொள்ளும். கம்பெனியில் வேலாத்தாள் விட்டுவிடுவாள். வீட்டில் ராஜபாண்டி ஒரு கையால் அவள் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொள்வார்.

"மேல பாரு."

"மேலதேன் பாக்குறேன்."

"என்னையப் பாக்காத. பேனப் பாரு."

துளி விழுந்தது. இரண்டாவது துளி குறி தவறிக் கன்னத்தில் ஓடியது. அவர் சட்டைக் கையால் துடைத்தார். அனுசுயா கண்ணைச் சிமிட்டித் திறந்தாள். அவர் தலைக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்ன, இருக்கா?" என்றார் அவர்.

"இல்ல" என்றாள். "ஆனா நீங்க சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."